புதுசா வந்தவர் மேல் அம்பெடுக்கும் முன்

ஓம் சரவண பவ.



இன்னைக்குக் கொஞ்சம் கஷ்டமான ஒரு கேள்வியை எடுத்துக்குவோம். நம்ம பாதயாத்திரைக் குழுவுக்கோ, பஜனைக்கோ, அன்னதான வேலைக்கோ புதுசா ஒருத்தர் வந்து சேர்றார். நம்ம வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. தப்பு பண்றார். அவரை நாம எப்படி நடத்தணும்?

"அன்பா நடத்தணும்"னு சொல்றது சுலபம். ஆனா ஒரு குழுவை நடத்திப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது அவ்வளவு லேசு இல்ல. விரதத்துல இருக்கிற நாற்பது பேருக்கு நடுவுல ஒருத்தர் ஷூவோட வந்து நிற்பார். தீபாராதனை நேரத்துல இன்னொருத்தர் போன்ல சத்தமா பேசுவார். இன்னொருத்தர் "இது ஏன், அது ஏன்"னு வழி பூரா கேட்டுக்கிட்டே வருவார். எல்லாத்தையும் கண்டும் காணாம விட்டா குழுவோட ஒழுங்கு கெட்டுடும். எல்லாத்துக்கும் சீறி விழுந்தா அடுத்த வருஷம் பழைய ஆளுங்க மட்டும்தான் இருப்போம்.

இதுக்குப் பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிற மூணு கோயில் போதும். ஆண்டார்குப்பம், சிறுவாபுரி, திருத்தணி.

ஆண்டார்குப்பம்: கண்டிப்பு யார் மேல?

தச்சூர் கூட்டுரோட்ல இருந்து பொன்னேரி போற வழியில ஆண்டார்குப்பம் இருக்கு. அங்க பாலசுப்பிரமணியர் ரெண்டு கையையும் இடுப்புல வெச்சுக்கிட்டு நிற்கிறார். அதிகாரமா கேள்வி கேட்கிற கோலம். பதவி, பொறுப்பு வேணும்னு வேண்டிக்கிறவங்க அங்க நிறைய பேர் போறாங்க.

அந்தக் கோலத்துக்குக் காரணமா சொல்ற கதை நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். கயிலாயத்துக்குப் போற வழியில பிரம்மா, முருகனைச் சின்னப் பையன்தானேன்னு நினைச்சுக் கண்டுக்காம போனார். முருகன் கூப்பிட்டு நிறுத்தி, "யார் நீ, என்ன வேலை செய்யறே"ன்னு கேட்டார். படைக்கிறவன்னு பதில் வந்தது. அப்போ பிரணவத்துக்குப் பொருள் சொல்லுன்னார். பிரம்மாவால சொல்ல முடியல. சிறையில போட்டார்.

இந்தக் கதையைச் சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கோம். ஆனா ஒரு விஷயத்தை நின்னு யோசிச்சிருக்கோமா? இதுல தண்டனை வாங்கினவர் புதுசா வந்தவர் இல்ல. எல்லாருக்கும் மூத்தவர், வேதம் தெரிஞ்சவர், பெரிய பொறுப்புல இருக்கிறவர். அவர் செஞ்ச முதல் தப்பு பிரணவம் தெரியாதது கூட இல்ல. எதிர்ல நிற்கிறது சின்னவன்தானேன்னு மதிக்காம போனது.

நாம இதை அப்படியே தலைகீழா பண்றோம். பத்து வருஷமா வர்றவர் அன்னதான வரிசையில நடுவுல புகுந்தா, "அண்ணன் சீனியர், விடுப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டு விடுறோம். நேத்து சேர்ந்த பையன் தெரியாம பந்தியில இடது கையால பரிமாறிட்டா எல்லார் முன்னாலயும் கத்துறோம். தெரிஞ்சே செய்றவருக்குச் சலுகை, தெரியாம செய்றவருக்குத் திட்டு. ஆண்டார்குப்பத்து நியாயம் இது இல்ல. தெரிஞ்சவர்கிட்ட கண்டிப்பு, தெரியாதவர்கிட்ட பொறுமை. அதுதான் அந்த இடுப்புல வெச்ச கை சொல்ற சேதி.

அந்தக் கதையில இன்னும் சில விஷயம் இருக்கு. முருகன் எடுத்த உடனே தண்டிக்கல. முதல்ல கேட்டார். பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்தார். கேட்ட கேள்வியும் அந்த ஆளோட வேலைக்குச் சம்பந்தப்பட்ட கேள்வி. அப்புறம் தகப்பனார் சிவபெருமான் வந்து சொன்னப்போ விடுதலையும் பண்ணினார். பிரம்மா திரும்ப அதே வேலைக்குப் போனார். கேள்வி, காரணம், மேல ஒருத்தர் சொன்னா கேட்டுக்கிறது, திரும்பி வர வழி. ஒரு குழுவை நடத்துறவங்களுக்கு வேண்டிய நாலும் இந்த ஒரு கதைக்குள்ள இருக்கு.

சிறுவாபுரி: யாருன்னு கேட்காம வந்த சண்டை

அடுத்து சிறுவாபுரி. கொல்கத்தா நெடுஞ்சாலையில இருந்து மேற்கே திரும்பி உள்ள போனா சின்னம்பேடு. சொந்த வீடு வேணும்னு ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வர்றவங்க கூட்டம் எப்பவும் இருக்கும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடின தலம்.

அந்த ஊர்ப் பேருக்குத் தலபுராணம் சொல்ற காரணம் கவனிக்க வேண்டியது. ராமரோட அசுவமேதக் குதிரையை லவனும் குசனும் பிடிச்சுக் கட்டிட்டாங்க. சிறுவர்கள் போர் செஞ்ச இடம், அதனால சிறுவாபுரி. சின்ன அம்பு எடுத்த இடம், அதனால சின்னம்பேடு. சண்டைக்கு மூல காரணம் என்ன? எதிர்ல நிற்கிறது தன் பிள்ளைங்கன்னு அப்பாவுக்குத் தெரியல. அவர் தங்க அப்பான்னு பிள்ளைங்களுக்கும் தெரியல. யாரு என்னன்னு தெரிஞ்சிருந்தா அம்பே வந்திருக்காது.

சிறுவாபுரியில இருந்து கொஞ்ச தூரத்துலதான் கும்மிடிப்பூண்டி சிப்காட். உருக்காலை, ரோலிங் மில், இன்னும் எவ்வளவோ கம்பெனி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துல இருந்து வந்து ஷிப்ட் பார்க்கிற தம்பிங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. லீவு நாள்ல அவங்கள்ல சிலர் கோயிலுக்கும் வர்றாங்க. தமிழ் அரைகுறை. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்தா கம்பெனி சட்டையும் சேஃப்டி ஷூவும்தான் இருக்கும். "இவங்களுக்கு முருகனைப் பத்தி என்ன தெரியும்"னு நம்ம ஆளுங்களே முணுமுணுக்கிறதைக் கேட்டிருப்பீங்க.

அவங்களுக்குத் தெரியும். நாம அறிஞ்ச மாதிரி தெரியாது, அவ்வளவுதான். வங்காளத்துல கார்த்திக் பூஜை இருக்கு. அவங்க கார்த்திக் மாசக் கடைசியில களிமண் உருவம் செஞ்சு, மயில் மேல உட்கார வெச்சுக் கும்பிடுவாங்க. ஒடிசாவுல கட்டாக் நகரத்துல கார்த்திகேஸ்வரர் பூஜை பெருசா நடக்கும். வடக்கே பல இடத்துல கார்த்திகேயன்தான் அண்ணன், பிள்ளையார் தம்பி. அங்க அவரைப் பிரம்மசாரியா கும்பிடுற வழக்கமும் உண்டு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்த ஊர்த் தம்பி ஒருத்தர் வள்ளி கல்யாணம் நடந்த தலமான திருத்தணிக்கு வந்து, "இவருக்குக் கல்யாணமே ஆகலையே"ன்னு வெள்ளந்தியா சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? சுருக்குனு கோபம் வரும். சாமியைக் கிண்டல் பண்றான்னு நினைப்போம். அவர் தன் அம்மாகிட்ட கேட்ட கதையைச் சொல்லியிருப்பார். தப்பு மாதிரி நமக்குப் படுற எல்லாமே தப்பு இல்ல. சிலது இன்னொரு ஊரோட பக்தி.

நம்ம தமிழ் வழக்கத்துக்குள்ளேயே இது உண்டு. யாழ்ப்பாணம் நல்லூர்ல ஆம்பளைங்க மேல்சட்டை இல்லாமத்தான் உள்ள போகணும். திருச்செந்தூர்லயும் அப்படித்தான். திருத்தணியில சட்டையோட போகலாம். கும்மிடிப்பூண்டியில இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. அங்கிருந்து ஒரு பெரியவர் சிறுவாபுரி வாசல்ல சட்டையைக் கழட்டினா, "இங்க இதெல்லாம் தேவையில்ல தாத்தா"ன்னு சொல்லலாம். சிரிக்கக் கூடாது. நாம நல்லூர் போனா அங்க நாமதான் புதுசு.

அதனால புதியவர்கிட்ட முதல் வார்த்தை கேள்வியா இருக்கட்டும். "எந்த ஊரு தம்பி? உங்க ஊர்ல எப்படிக் கும்பிடுவீங்க?" இவ்வளவுதான். இந்தக் கேள்வி கேட்க அரை நிமிஷம் ஆகும். கேட்காம அம்பெடுத்தா என்ன ஆகும்னு சொல்லத்தான் அந்த ஊருக்கே அப்படி ஒரு பேரு இருக்கு.

"மரபு கெட்டுடாதா?"

இந்த இடத்துல சிலர் கேட்பாங்க. "இப்படியே விட்டுக்கொடுத்தா மரபு என்ன ஆகும்? தெரியாதவங்க உள்ள வந்து எல்லாத்தையும் மாத்திடுவாங்களே." நியாயமான பயம்தான். இதுக்கு ஒரு மனுஷரோட வாழ்க்கையே பதில்.

மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர் ஒருத்தர். பேரு அர்த்தநாரி. தீராத வயிற்று வலியோட பழனிக்கு வந்தார். அங்க திருப்புகழைக் கேட்டு உருகிப் போனார். ஆனா அதைப் படிக்க அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. குடும்பம், வேலைன்னு வாழ்ந்து முடிச்ச வயசுல, சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டார். அவர்தான் பின்னால வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். திருப்புகழ் சுவாமிகள்னே அவருக்குப் பேரு. திருப்புகழையே மந்திரமா எடுத்துக்கிட்டு ஊர் ஊரா பரப்பினார். 1950ல அவர் மறைஞ்சார்.

திருத்தணி படித்திருவிழா அவர் ஆரம்பிச்சு வெச்சது. வெள்ளைக்காரன் காலத்துல ஜனவரி முதல் தேதி துரைமாரைப் பார்த்துப் பழம், மாலை கொடுத்து வாழ்த்து சொல்லிட்டு வர்றது வழக்கம். துரைக்கெல்லாம் துரை தணிகைமலையில இருக்கான், அவனைப் போய்ப் பார்க்கலாம்னு ஜனங்களைக் கூட்டிக்கிட்டு 365 படியும் திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறினார். இன்னைக்கும் டிசம்பர் 31 அன்னைக்குப் படிபூஜையும் ராத்திரி பூரா கூட்டமும் நாம பார்க்கிறோம்ல, அதோட வேர் அங்கதான் இருக்கு.

திருப்புகழ்ல வல்லினமும் சந்தமும் வர்ற வேகத்துக்கு, நல்லா படிச்சவங்களுக்கே நாக்கு சுழலும். எழுத்தே தெரியாம வந்த மனுஷர் ஆரம்பத்துல எவ்வளவு திணறியிருப்பார்! "தமிழே படிக்கத் தெரியல, உனக்கு எதுக்குத் திருப்புகழ்"னு யாராவது ஒருத்தர் அவரை விரட்டிவிட்டு, அவரும் மனசு உடைஞ்சு போயிருந்தா? மரபைக் காப்பாத்துறேன்னு சொல்லி மரபோட பெரிய தொண்டர் ஒருத்தரை இழந்திருப்போம். மரபு உயிரோட இருக்கிறது, ஒவ்வொரு தலைமுறையிலயும் தெரியாதவங்களுக்கு யாரோ ஒருத்தர் பொறுமையா சொல்லிக் கொடுத்ததால.

இடும்பனை நினைச்சுப் பாருங்க. ரெண்டு மலையைக் காவடியா கட்டித் தூக்கிட்டு வந்தவர். மலை மேல நிற்கிற பாலகன் யாருன்னு தெரியாம சண்டை போட்டு விழுந்தார். முருகன் உயிர் கொடுத்து, காவல் பொறுப்பையும் கொடுத்தார். பழனி மலை ஏறுறவங்க வழியில இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தான் மேல போறாங்க. தெரியாம வந்து மோதினவர்தான் இன்னைக்குக் காவடிக்கே முன்னோடி.

கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். மலேசியாவுல ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் கூலியா போனவங்க நம்ம ஆளுங்க. இன்னைக்கு கும்மிடிப்பூண்டியில ஷிப்ட் பார்க்கிற தம்பிங்க மாதிரி, மொழி தெரியாத ஊர்ல உழைச்சவங்க. பத்துமலையில 1892ல இருந்து தைப்பூசம் நடக்குது. இன்னைக்கு அங்க சீனர்களும் பால்குடம் எடுக்கிறாங்க, காவடி தூக்குறாங்க. "நீ சீனன், உனக்கு என்ன தெரியும்"னு அங்க இருக்கிற தமிழர்கள் தள்ளிவிட்டிருந்தா அந்தக் கூட்டத்துல பாதி அழகு போயிருக்கும். புதுசா ஒரு ஊருக்குப் போறது எப்படி இருக்கும்னு பாட்டன் காலத்துல இருந்தே பட்டுத் தெரிஞ்ச இனம் நாம.

பொறுமைன்னா எல்லாத்தையும் விடுறது இல்ல

இங்க ஒரு எச்சரிக்கை. பொறுமைங்கிற பேர்ல கண்ணை மூடிக்கிறதும் தப்பு. குடிச்சுட்டு யாத்திரையில வர்றது, கூட்டத்துல பொண்ணுங்ககிட்ட தப்பா நடக்கிறது, அன்னதானக் காசுல கை வைக்கிறது, அடுத்தவர் சாதியைச் சொல்லி இழிவா பேசுறது. இதெல்லாம் தெரியாம செய்ற தப்பு இல்ல. எந்த ஊர் வழக்கமும் இல்ல. இங்க உடனே நிறுத்தணும். அடிபட்டவங்க பக்கம் நிற்கணும். "புதுசுதானே, போகப் போக சரியாயிடுவான்"னு சொன்னா, பாதிக்கப்பட்ட அந்தப் பொண்ணுகிட்ட நாம பொறுமை காட்டலன்னு அர்த்தம். அவங்களும் நேத்து சேர்ந்தவங்களா இருக்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. அதே தப்பைக் குழுத் தலைவரோட மச்சான் செஞ்சாலும் அதே தீர்ப்புதான். ஆள் பார்த்து மாறினா அதுக்குப் பேரு ஒழுங்கு இல்ல, கோஷ்டி. புதுசா வந்தவங்க நம்ம விதியைப் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிறது இல்ல. பழைய ஆளுங்க மேல அது பாயுதான்னு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறாங்க.

மற்ற தப்புக்கெல்லாம், அதாவது நூத்துக்குத் தொண்ணூறுக்கும் மேல, வழி ரொம்ப எளிசு. தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. என்ன செய்யக் கூடாதுன்னு மட்டும் சொல்லாம ஏன்னும் சொல்லுங்க. "அப்படித்தான் வழக்கம்"ங்கிறது பதில் இல்ல. நமக்கே காரணம் தெரியலன்னா பெரியவங்களைக் கேட்டுட்டு வந்து சொல்லலாம். அதுல நமக்கும் லாபம். முக்கியமா, அவர் தடுமாறுறதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. சாமி முன்னால ஒருத்தர் பட்ட வெட்கம் அவரைக் கோயில் பக்கமே வரவிடாம பண்ணிடும்.

"ஒரே விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்றது"ன்னு அலுப்பு வரும். நிஜம்தான். நமக்கு அது நூறாவது தடவை. கேட்கிறவருக்கு முதல் தடவை. அந்த அலுப்பு அவர் கணக்குல வர வேண்டியது இல்ல. அதே சமயம், ஒரே ஆள் தலையில இந்த வேலையைக் கட்டினா அவர் பொறுமையும் ஒரு நாள் தீர்ந்துடும். அதனால முறை வெச்சுப் பிரிச்சுக்குங்க. போன வருஷம் சேர்ந்தவரை இந்த வருஷம் புதுசா வர்றவரோட நடக்கச் சொல்லுங்க. தெரியாம நின்ன ஞாபகம் அவருக்கு இன்னும் பசுமையா இருக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. ஒருத்தரை விலக்குறது சாதாரண காரியம் இல்ல. சிறுவாபுரி முருகன் கையில ஜபமாலையும் கமண்டலமும் இருக்கும். பிரம்மாவை உள்ள வெச்சதும் அவர் வேலையைத் தானே எடுத்துக்கிட்ட கோலம்னு சொல்வாங்க. ஒருத்தரைக் குழுவுல இருந்து எடுத்தா அவர் தூக்கின சுமை நம்ம தோளுக்கு வரும். அதைத் தூக்கத் தயாரா இருக்கிறவங்கதான் விலக்குற முடிவு எடுக்கணும்.

திருத்தணி: கோபம் இறங்குற இடம்

கடைசியா திருத்தணி. சூரபத்மனோட போர் முடிஞ்சு முருகனோட சினம் தணிஞ்ச இடம், அதனால தணிகை. ஊர் ஊரா கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில மட்டும் சம்ஹாரம் கிடையாது. கூடை கூடையா பூவைக் கொண்டு வந்து புஷ்பாஞ்சலி நடக்கும். அந்தச் சூரபத்மனையும் முருகன் அழிச்சுத் தூர எறியல. மயிலாவும் சேவலாவும் ஆக்கித் தன்கிட்டயே வெச்சுக்கிட்டார்.

அந்த ஊருக்காகவே ஒரு காலத்துல பெரிய சண்டை நடந்திருக்கு. திருத்தணி யாருக்குன்னு ஆந்திராவுக்கும் நமக்கும் தகராறு. ம.பொ.சி. தலைமையில போராட்டம் நடந்து, 1960 ஏப்ரல் 1ல நம்ம மாநிலத்தோட சேர்ந்தது. எல்லை போட்டாச்சு. ஆனா ஆடிக் கிருத்திகைக்குப் போய்ப் பாருங்க. ஆந்திராவுல இருந்து புஷ்பக் காவடி தூக்கிக்கிட்டு வர்ற தெலுங்கு அடியார்கள் எவ்வளவு பேர்! வரைபடத்துல விழுந்த கோடு காவடியைத் தடுக்கல. படியில பக்கத்துல பக்கத்துல ஏறுறாங்க. மூச்சு வாங்குறது ரெண்டு மொழியிலயும் ஒண்ணுதான்.

ஆண்டார்குப்பத்து அதிகாரமும் தணிகையில தணிஞ்ச சினமும் ஒரே முருகனுக்குத்தான். அதிகாரம் வேண்டாம்னு அவர் சொல்லல. அதை மூத்தவர் பக்கம் திருப்பினார், கேட்டுட்டு நீட்டினார், முடிஞ்சதும் இறக்கி வெச்சார். நம்ம கையில இருக்கிறது சின்னக் குழுவோட சின்ன அதிகாரம். அதையும் அப்படித்தான் பிடிக்கணும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி வரிசையில, சேஃப்டி ஷூவை எங்க விடுறதுன்னு தெரியாம ஒரு தம்பி சுத்தி சுத்திப் பார்த்துக்கிட்டு நின்னா, ஷூ விடுற இடத்தைக் காட்டுங்க. பேரைக் கேளுங்க. அப்புறம் சேர்ந்தே அரோகரா சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

வேலும் மயிலும் துணை.